அமைச்சர்கள் உட்காரும் முன்பே முடிந்துவிடும் கூட்டம்: வட்டார அமைப்புகளில் வெளியுறவு அமைச்சர்கள் எப்படிக் கூடுகிறார்கள்?

கல்மண்டபம் வாசகர் (இழையைத் தொடங்கியவர்):

தெற்காசிய நாடுகளின் சார்க், வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் பிம்ஸ்டெக், இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கம் என்று எந்த வட்டார அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினாலும், மறுநாள் நாளிதழைப் பார்த்துவிட்டு நம் பகுதியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மீனவர் விஷயத்தைப் பேசினார்களா?" சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எங்கள் வாசகர் வட்டத்திலும் அதே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை நாம் ஒவ்வொரு முறையும் தாமதமாகவே கேட்கிறோம் என்று நான் சொன்னேன். நேரம் போதாமல் அங்கே பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

சார்க் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் கையெழுத்தான அதன் சாசனத்தில், தலைவர்களின் உச்சி மாநாட்டுக்கு அடுத்த இடத்தில் இருப்பது வெளியுறவு அமைச்சர்களைக் கொண்ட அமைச்சர்கள் மன்றம். கொள்கை வகுப்பதும், நடந்த வேலையை மதிப்பிடுவதும், புதிய துறைகளில் ஒத்துழைக்கலாமா என்று முடிவெடுப்பதும் அந்த மன்றத்தின் பொறுப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே வெளியுறவுச் செயலர்கள் அமர்கிற நிலைக்குழு, அதற்கும் கீழே துறைவாரியான தொழில்நுட்பக் குழுக்கள், இவற்றுக்கெல்லாம் தாள் தயாரித்துக் கொடுக்கக் காத்மாண்டுவில் 1987 முதல் இயங்கும் செயலகம். ஒரு விஷயம் அமைச்சர்களின் மேசைக்கு வர வேண்டுமானால் இந்தப் படிகளில் கீழிருந்து மேலே ஏறித்தான் வர வேண்டும். நேராக மேல்படியில் கொண்டுபோய் வைக்க வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கம் அதுவன்று.

அமைச்சர்கள் வந்து இறங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே அதிகாரிகள் அதே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் முன்னால் இருப்பது கூட்டறிக்கையின் வரைவு. எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட சொற்கள் அதில் வெறுமனே இருக்கும். யாராவது ஒருவர் ஏற்காத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். "அமைச்சர்கள் [ஆழ்ந்த] கவலை தெரிவித்தனர்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த "ஆழ்ந்த" என்ற ஒரு சொல்லுக்காக இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் அதிகாரிகளின் வேலை. நீக்க முடியாமல் மிஞ்சுகிற இரண்டு மூன்று மட்டுமே அமைச்சர்களிடம் போகும். ஆகவே, அமைச்சர் உட்காரும்போது வரைவில் இல்லாத விஷயம், எழுந்து போகும்போது கூட்டறிக்கையில் இருப்பது மிக அரிது.

நம் கேள்வி அதிகாரிகள் வரைவு எழுதும் வாரத்தில் எழ வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

—

துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், தண்டையார்பேட்டை:

தம்பி எழுதியதை முழுவதுமாக ஏற்கிறேன். முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்றவுடன் அதை ஏதோ நாடகம் என்று சிலர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சேர்க்கிறேன். துறைமுகத்தில் கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளுக்குக் குறிப்பெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். நிர்வாகமும் சங்கத் தலைவர்களும் நாற்காலியில் எதிரெதிரே உட்காரும் நாளில் சண்டை வந்தால், முன் தயாரிப்பு சரியில்லை என்று பொருள். தலைவர்கள் எல்லோர் முன்னாலும் "முடியாது" என்று சொல்லிவிட்டால் பிறகு இறங்கி வர முடியாது. கீழே இருப்பவர்கள் சொன்னால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். நாடுகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அமைச்சர்கள் முன்னால் அடைப்புக்குறி மிஞ்சிப்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியான் ஒரு சான்று. 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய அமைப்பு அது. வெளியுறவு அமைச்சர்களின் கூட்டம்தான் அதன் முதுகெலும்பாக இருந்து வந்திருக்கிறது. 2012 ஜூலையில் கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் கூடியபோது, தென்சீனக் கடலில் நடந்த மோதலைக் கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று பிலிப்பைன்சும் வியட்நாமும் வற்புறுத்தின. தலைமை வகித்த கம்போடியா அது இருதரப்பு விஷயம் என்று மறுத்தது. 45 ஆண்டுகளில் முதல் முறையாகக் கூட்டறிக்கையே வெளிவரவில்லை. பிற விஷயங்களில் எட்டியிருந்த உடன்பாடும் அதோடு சேர்ந்து வெளிவராமல் போயிற்று. பிறகு இந்தோனேசியாவின் வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நடலேகவா தலைநகர் தலைநகராகப் பறந்துபோய்ப் பேசி, ஒரு வாரத்தில் ஆறு அம்சக் கொள்கை ஒன்றுக்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தார்.

அமைச்சர் என்று ஒருவர் எதற்கு என்ற கேள்விக்கு அதுவே விடை. அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த வரம்பு உண்டு. வரம்பை மாற்றி எழுதும் அதிகாரம் அமைச்சரிடம்தான் இருக்கிறது.

—

பெரம்பூர் தேர்வர்:

குடிமைப் பணித் தேர்வுக்காக இதைப் படித்து வருகிறேன், ஐயா. இருவரும் சொன்னதோடு சாசனத்தின் பத்தாவது பிரிவையும் சேர்த்துப் படித்தால்தான் சார்க் ஏன் நின்றுபோனது என்பது விளங்கும். எல்லா நிலையிலும் முடிவுகள் ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. இருதரப்பு விஷயங்களும் சர்ச்சைக்குரிய விஷயங்களும் விவாதத்திலிருந்து விலக்கப்படும் என்பது இரண்டாவது. எட்டு நாடுகளில் ஒன்று வர மறுத்தாலே கூட்டம் இல்லை. 2016 மார்ச்சில் நேபாளத்தின் பொக்காராவில் அமைச்சர்கள் மன்றம் கூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் காஷ்மீரின் உரி இராணுவ முகாம் மீது தாக்குதல் நடந்தது. நவம்பரில் இஸ்லாமாபாதில் நடக்கவிருந்த 19ஆவது உச்சி மாநாட்டுக்கு இந்தியாவும், அதைத் தொடர்ந்து வங்கதேசம், பூட்டான், ஆப்கானிஸ்தான் ஆகியவையும் வர மறுத்தன. 2014இல் காத்மாண்டுவில் நடந்ததே இன்றுவரை கடைசி உச்சி மாநாடு.

அதன் பிறகு எஞ்சியது நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபைக்கு வரும்போது ஓரமாக நடக்கும் முறைசாராச் சந்திப்பு மட்டுமே. 2019இல் இந்திய அமைச்சர் பேசியபோது பாகிஸ்தான் அமைச்சர் அறையில் இல்லை. அவர் பேசியபோது இவர் இல்லை. 2020இல் காணொலியில் நடந்தது. 2021இல் ஆப்கானிஸ்தானின் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் உடன்பாடு இல்லாமல் ரத்தானது. என் பார்வையில், இந்தியா பிம்ஸ்டெக் பக்கம் திரும்பியது சரியான முடிவு. அங்கே இந்தத் தடைகள் இல்லை.

—

கல்மண்டபம் வாசகர்:

கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன், தம்பி. பிம்ஸ்டெக்கிலும் ஒருமித்த கருத்துதான் விதி. பாகிஸ்தான் இல்லை என்பதால் ஒரு தடை இல்லை. வேறு தடைகள் உண்டு. 1997 ஜூன் 6 அன்று வங்கதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளோடு தொடங்கி, அதே ஆண்டு மியான்மரும் 2004இல் நேபாளமும் பூட்டானும் சேர்ந்து ஏழாகி, டாக்காவில் செயலகம் திறக்க 2014 ஆயிற்று. சாசனம் என்று ஒன்று கையெழுத்தானது 2022 மார்ச் 30 அன்று; அது நடைமுறைக்கு வந்தது 2024 மே 20 அன்று. அதாவது, அமைச்சர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும், யார் தலைமை வகிப்பது என்பவையெல்லாம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் வெறும் வழக்கத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. 2004இல் கையெழுத்தான தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தம் இன்னும் ஒப்பந்தமாக முழுமை பெறவில்லை.

இருந்தாலும் அங்கே நடந்த ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் பாங்காக்கிலும் 2024 ஜூலையில் தில்லியிலும் வெளியுறவு அமைச்சர்கள் தனிச் சந்திப்பாகக் கூடினார்கள். முறையான கூட்டத்தில் அமைச்சர் படிப்பது பெரும்பாலும் எழுதி வைத்த உரை. தனிச் சந்திப்பில் உதவியாளர்கள் குறைவு, மனம்விட்டுப் பேசலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குக் கிம்னிச் கூட்டம் என்றே பெயர். 1974இல் ஜெர்மனியின் கிம்னிச் கோட்டையில் அப்படிக் கூடியதால் வந்த பெயர். உடன்பாடு முளைக்கிற இடம் இந்தச் சந்திப்புகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2025 ஏப்ரல் 3 அன்று பாங்காக்கில் நடந்த 20ஆவது அமைச்சர்கள் கூட்டத்தில் கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முந்தைய நாள் மூத்த அதிகாரிகள் கூட்டம், மறுநாள் உச்சி மாநாடு. ஏறும் படிகள் மூன்று நாளில் கண்முன்னே தெரிந்தன. சென்னைத் துறைமுகமும் எண்ணூரும் காட்டுப்பள்ளியும் உள்ள நமக்கு இந்த ஒப்பந்தம் தூரத்துச் செய்தியன்று.

—

வியாசர்பாடி, பர்மா வழிக் குடும்பம்:

எங்கள் பாட்டி 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். அதனால் இந்த மேசைகளில் மியான்மரின் நாற்காலியை நான் எப்போதும் தேடிப் பார்ப்பேன். அமைப்புக்கு அமைப்பு அந்த நாற்காலியின் கதை மாறுகிறது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அக்டோபர் 15 அன்று ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் அவசரமாகக் கூடி, உச்சி மாநாட்டுக்கு மியான்மரிலிருந்து அரசியல் சார்பற்ற ஒருவரையே அழைப்பது என்று முடிவெடுத்தார்கள். இராணுவத் தலைவருக்கு அங்கே இடமில்லை. அதே தலைவர் 2025 ஏப்ரலில் பிம்ஸ்டெக் உச்சி மாநாட்டுக்காகப் பாங்காக்கில் நேரில் வந்து உட்கார்ந்தார். மார்ச் 28 நிலநடுக்கம் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்காகத் தலைவர்கள் தனியாக ஒரு கூட்டறிக்கையும் வெளியிட்டார்கள்.

இரண்டில் எது சரி என்று எனக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. மக்களைக் கொல்பவரோடு உட்காரக் கூடாது என்பது ஒரு நியாயம். அவரோடு பேசாமல் நிவாரணப் பொருளை உள்ளே கொண்டுபோக முடியாது என்பது இன்னொரு நியாயம். ஒருமித்த கருத்து என்பதை வைத்து எந்தக் கொடுமையையும் பேசாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை ஆசியான் அமைச்சர்கள் அந்த ஒரு நாளாவது உடைத்தார்கள் என்பதில் எனக்கு மதிப்பு உண்டு.

—

காசிமேடு, விசைப்படகுக் குடும்பம்:

அண்ணன்கள் எல்லோரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் கடலுக்குப் போகிறவர்கள். 2020 ஜூலையில் இங்கிருந்து போன படகு ஒன்று திரும்பவில்லை. கரையில் பெண்கள் அந்த வாரங்களில் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. ஏலம் நடக்கும் நேரத்தில் எந்தப் படகின் சத்தம் கேட்டாலும் எல்லோரும் எழுந்து நிற்போம். செப்டம்பரில் அவர்களை மியான்மர் கடற்படை மீட்டது என்று செய்தி வந்தது. இயந்திரம் நின்றுபோனால் நீரோட்டம் எந்த நாட்டுக் கரைக்குக் கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது எந்த இரு நாடுகளுக்கும் இடையிலான சண்டையும் இல்லை. எல்லை தாண்டி மீன் பிடித்த வழக்கும் இல்லை. அப்படியானால், "இருதரப்பு விஷயம், பேசக் கூடாது" என்ற விதி இதைத் தடுக்காது அல்லவா? பாக் நீரிணைக் கைதுகளையும் இதையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மீனவர் பிரச்சினை" என்று நாமே சொல்லிவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

—

கல்மண்டபம் வாசகர்:

சகோதரி, இந்த இழையில் எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது உங்கள் கடைசி வரிதான். நான் இதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

பாக் நீரிணை விஷயத்துக்கு வட்டார மேசை கிடைக்காது என்பதால்தான் தனி மேசை போட்டார்கள். 2016 நவம்பர் 5 அன்று தில்லியில் இந்திய, இலங்கை வெளியுறவு அமைச்சர்களும் மீன்வளத் துறை அமைச்சர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுப் பணிக்குழுவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீன்வள அமைச்சர்களும் கூட வேண்டும் என்று அன்று முடிவானது. அந்தக் கால அட்டவணை தவறாமல் காக்கப்பட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் விஷயத்துக்கு, அதாவது திசை மாறிப் போன படகைத் தேடுவது, மீட்டவர்களை விரைவாக அனுப்புவது, படகைத் திருப்பிக் கொடுப்பது ஆகியவற்றுக்கு, வட்டார மேசையில் இடம் உண்டு. பிம்ஸ்டெக் தன் வேலைகளை ஏழு துறைகளாகப் பிரித்து நாட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறது: பாதுகாப்புத் துறை இந்தியாவிடம், வேளாண்மையும் உணவுப் பாதுகாப்பும் மியான்மரிடம், மீன்வளம் அதற்குள்ளேயே அடங்கும், கடல்வளம் சார்ந்த நீலப் பொருளாதாரம் வங்கதேசத்தின் துறைக்குள் வருகிறது. இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தில் 23 நாடுகள். அதன் முன்னுரிமைத் துறைகளில் கடல் பாதுகாப்பு ஒன்று, மீன்வள மேலாண்மை இன்னொன்று. அங்கே வெளியுறவு அமைச்சர்கள் மன்றம்தான் ஆண்டுதோறும் கூடி முடிவெடுக்கிறது. 2023 அக்டோபரில் கொழும்பில் இலங்கை ஏற்ற தலைமைக்கு அடுத்து, 2025 முதல் 2027 வரையிலான தலைமை இந்தியாவுக்கு. நிகழ்ச்சி நிரலின் முதல் வரைவு தலைமை நாட்டின் கையில் இருக்கும். நமக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

இன்னொரு மேசையையும் சொல்ல வேண்டும். வெளியுறவு அமைச்சர்களின் மேசை அன்று அது, ஆனால் நம் ஊரிலேயே இருக்கிறது. வங்காள விரிகுடாத் திட்ட அரசுகளுக்கிடையேயான அமைப்பு 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் திட்டமாகத் தொடங்கி, 2003இல் வங்கதேசம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளின் தனி அமைப்பாக மாறியது. அதன் தலைமையகம் சென்னை. சிறுதொழில் மீனவர்களின் கடல் பாதுகாப்பு அவர்கள் தொடர்ந்து செய்துவரும் வேலை. காசிமேட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருக்கும் அலுவலகத்தை நாம் தட்டிப் பார்த்ததே இல்லை.

—

பெரம்பூர் தேர்வர்:

பிம்ஸ்டெக் பற்றி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன், ஐயா. இதையொட்டி ஒரு செய்தி. வடதுருவப் பகுதி நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் மன்றத்தில் எட்டு நாடுகளின் அமைச்சர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். 1996இல் ஒட்டாவா அறிவிப்பின் வழியே தொடங்கிய அந்த மன்றத்தில் ஆறு பழங்குடி மக்கள் அமைப்புகளுக்கு நிரந்தரப் பங்கேற்பாளர் என்ற இடம் உண்டு. வாக்கு இல்லை, ஆனால் அமைச்சர்கள் அமரும் அதே மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள், அவர்களைக் கலந்தாலோசித்த பிறகே முடிவு. 2013 முதல் இந்தியாவும் அங்கே பார்வையாளர். பார்வையாளருக்கு அந்த மேசையில் இடமில்லை. இந்தியா அமர முடியாத இடத்தில் சாமி, இனுயிட் என்ற பழங்குடி மக்கள் அமர்கிறார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கரையோர மக்களுக்கு அப்படி ஓர் இடத்தை நம் அமைப்புகளில் ஏன் கேட்கக் கூடாது?

—

துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், தண்டையார்பேட்டை:

கேட்கலாம். ஆனால் அந்த மன்றமும் தடுமாறாமல் இல்லை. 2019 மே மாதம் பின்லாந்தின் ரோவானியெமியில் கூடியபோது, பருவநிலை மாற்றம் பற்றிய சொற்களை அமெரிக்கா ஏற்காததால் கூட்டு அறிவிப்பு இல்லாமலே அமைச்சர்கள் கலைந்தார்கள். 2022 மார்ச்சில், உக்ரைன் போரைக் காரணம் காட்டி ஏழு நாடுகள் கூட்டங்களை நிறுத்தி வைத்தபோது, பழங்குடி அமைப்புகளின் வேலையும் சேர்ந்தே நின்றது. மேசையில் நாற்காலி இருப்பது மட்டும் போதாது. மேசையே இல்லாமல் போகும் நாளும் வருகிறது.

அதனால் நம் மக்களுக்கு முதலில் வேண்டியது ஒரு தாள் என்பது என் எண்ணம். குறிப்பெடுப்பவனாக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கூட்டத்தில் உருக்கமாகப் பேசியவரின் பேச்சு குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். எழுதிக் கொடுத்தவரின் வாசகம் அப்படியே ஏறிவிடும்.

—

காசிமேடு, விசைப்படகுக் குடும்பம்:

அப்படியானால் என்ன எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள், ஐயா. சங்கத்தில் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

—

துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், தண்டையார்பேட்டை:

ஒரே பக்கம், அம்மா. கைதுகளைப் பற்றியும் கச்சத்தீவைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் வேண்டாம். அவற்றுக்கு வேறு தாள். இதில் கேட்பது மூன்று மட்டும். திசை மாறிய படகைப் பற்றி எந்த நாட்டுக் கடலோரக் காவல் படைக்குத் தகவல் கிடைத்தாலும், குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் மற்ற நாட்டுக்குச் சொல்ல ஒரு தொடர்பு அதிகாரி. மீட்கப்பட்டவர்களை வழக்குப் பதியாமல் அனுப்பி வைக்க ஒரு பொது நடைமுறை. படகையும் வலையையும் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதற்கு ஒரு விதி. வாசகத்தை எவரும் அடைப்புக்குறி போட முடியாதபடி எளிமையாக எழுத வேண்டும். எந்த நாட்டையும் குற்றம் சொல்லும் சொல் இருக்கக் கூடாது.

மாநில மீன்வளத் துறைக்கு ஒரு படி, ஒன்றிய மீன்வளத் துறைக்கு ஒரு படி, சென்னையில் உள்ள வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகம் வழியாகத் தில்லிக்கு ஒரு படி, வங்காள விரிகுடாத் திட்ட அலுவலகத்துக்கு ஒரு படி.

—

கல்மண்டபம் வாசகர்:

தமிழ் வரைவை நான் எழுதுகிறேன், பெரம்பூர்த் தம்பி ஆங்கிலத்தில் பெயர்க்கட்டும். 2020இல் திரும்பி வந்தவர்களில் யாராவது, மீட்கப்பட்ட நாளிலிருந்து வீடு வந்து சேரும் வரை எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று சொன்னால், அதை இரண்டாம் பக்கமாக இணைக்கலாம். சகோதரி, அவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

—

காசிமேடு, விசைப்படகுக் குடும்பம்:

ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இன்று விடியற்காலை கடலுக்குப் போயிருக்கிறார். திரும்பியதும் கேட்டு எழுதுகிறேன்.